ஏழு வயது மகனும் அறுபத்தெட்டு வயது தந்தையும்: மாதிரி ரயிலை எந்த வயதில், எந்த அளவில் தொடங்குவது?

பதிவு 1 | செம்பவாங் தந்தை

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் செம்பவாங் வட்டாரத்தில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மூன்று தலைமுறையாக வசித்து வருகிறோம். மகனுக்கு 7 வயது. இவ்வாண்டுதான் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தான். எம்ஆர்டி பெருவிரைவு ரயில் நிலையத்தில் நடைமேடையின் கடைசி முனைவரை நடந்துபோய், இரண்டு ரயிலாவது வந்து போவதைப் பார்க்காமல் அவனை வீட்டுக்கு அழைத்து வர முடியாது. என் தந்தைக்கு 68 வயது. கப்பல்பட்டறையில் ஃபிட்டராகப் பல்லாண்டுகள் வேலை செய்துவிட்டுச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். எந்நேரமும் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்த கைகள் இப்போது தொலைக்காட்சி ரிமோட்டைப் பிடித்தபடி சும்மா இருப்பதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இருவருக்கும் பொதுவாக ஒரு மாதிரி ரயில் வாங்கலாம் என்று எண்ணுகிறேன். கடையில் பார்த்த பெட்டிகளில் சிலவற்றில் 8 வயதுக்கு மேல் என்றும், சிலவற்றில் 14 என்றும், ஜப்பானியப் பெட்டி ஒன்றில் 15 என்றும் அச்சிட்டிருந்தார்கள். என் தந்தையோ, இந்த வயதில் தமக்கு எதற்குப் பொம்மை ரயில் என்று கேட்கிறார். ஒருவனுக்கு வயது போதவில்லை, மற்றவருக்கு வயது கடந்துவிட்டது என்றால் நான் என்னதான் செய்வது?

எங்களிடம் இருப்பது 120 செ.மீ. நீளமும் 75 செ.மீ. அகலமும் உள்ள மேசை ஒன்றுதான். அதில்தான் சாப்பாடு, அதில்தான் வீட்டுப்பாடம். இரவானால் ரயிலை எடுத்து வைத்துவிட வேண்டும். ஒன்றரை வயது மகளும் இருக்கிறாள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2 | மூன்றாம் நடைமேடை

வணக்கம். நான் 12 வயதில் இதைத் தொடங்கினேன். 18 வயதில் தேசிய சேவைக்குப் போனபோது எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் கட்டி வைத்தேன், 36 வயதில் சொந்த வீட்டுக்குச் சாவி கிடைத்த பிறகுதான் அவிழ்த்தேன். ஆகவே எனக்கு இரண்டு தொடக்கங்கள் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெட்டியில் அச்சிட்ட வயதைவிட அளவைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம்.

எச்ஓ என்பது உண்மை ரயிலில் 87இல் ஒரு பங்கு. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மி.மீ. இருக்கும். என்-கேஜ் 160இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 9 மி.மீ. ஜப்பானியர்கள் தங்கள் வழக்கமான ரயில்களை அதே 9 மி.மீ. தண்டவாளத்தில் 150இல் ஒரு பங்காகச் செய்கிறார்கள். நம் எம்ஆர்டி பெட்டியின் நீளம் ஏறக்குறைய 23 மீட்டர். அது எச்ஓவில் 26 செ.மீ. இருக்கும், ஜப்பானிய என்-கேஜில் 15 செ.மீ.தான் இருக்கும்.

உங்கள் தந்தையின் கண்ணையும் மகனின் விரல்களையும் நினைத்தால் எச்ஓதான் சரி என்பது என் கருத்து. சக்கரத்தைத் தண்டவாளத்தில் வைப்பதே தொடக்கநிலையில் பெரிய வேலை. சிறியதில் நான்கு சக்கரம் உட்கார்ந்ததும் ஐந்தாவது இறங்கிவிடும், குழந்தைக்குப் பொறுமை போய்விடும்.

பதிவு 3 | உயர்நிலை மூன்று

அண்ணன் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மன்னிக்கவும். மேசையின் அகலம் 75 செ.மீ. எச்ஓ தொடக்கப்பெட்டிகளில் வரும் மிக இறுக்கமான வளைவின் ஆரமே ஏறத்தாழ 36 செ.மீ. அதன் விட்டம் 72 செ.மீ. ஆகிறது, தண்டவாளத்தின் அகலத்தையும் சேர்த்தால் மேசையின் விளிம்பையே தாண்டிவிடுகிறது. எச்ஓ ஓட்டுவதற்கு வழக்கமாக நான்கடிக்கு எட்டடி ஒட்டுப்பலகை கேட்பார்கள். நான்கறை வீட்டில் அதை எங்கே வைப்பது?

என்-கேஜில் கணக்கு வேறு. காட்டோ நிறுவனத்தின் யூனிட்டிராக் தண்டவாளத்தில் 282 மி.மீ. ஆரமுள்ள வளைவுத் துண்டுகள் எட்டைச் சேர்த்தால் ஒரு வட்டம். இடையில் பக்கத்துக்கு இரண்டாக 248 மி.மீ. நேர்த் துண்டுகளைப் போட்டால், மொத்தம் 109 செ.மீ. நீளமும் 59 செ.மீ. அகலமும் உள்ள நீள்வட்டம் கிடைக்கும். உங்கள் மேசையில் அது நன்றாக அமரும், சுற்றிலும் விளிம்புக்கு 5 செ.மீ. மேலேயே மிஞ்சும். அந்த 5 செ.மீ. முக்கியம். விளிம்பை ஒட்டி ஓடும் ரயில் ஒரு நாள் தரையில்தான் போய் முடியும். சுற்றின் மொத்த நீளம் 2.76 மீட்டர். ஆறு பெட்டி ரயில் 92 செ.மீ. வரும், அதாவது சுற்றில் மூன்றில் ஒரு பங்கை அதுவே அடைத்துக்கொண்டு தன் வாலைத் தானே துரத்துவதுபோலத் தெரியும். மூன்று பெட்டிகளோடு தொடங்குங்கள்.

எனக்கு இப்போது 15 வயது. 4 வயதில் பிளாரயில் என்ற பொம்மை ரயிலை வைத்து விளையாடினேன். அந்த நீலத் தண்டவாளமும் பேட்டரி இன்ஜினும் உங்கள் மகளுக்கு மூன்று வயது ஆகும்போது பொருந்தும். 7 வயதில் என் மாமா தம்முடைய என்-கேஜ் ரயிலை எனக்குக் காட்டினார். ஆனால் தொடவிடவில்லை. இரண்டு மணி நேரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த நாள் இன்னும் மறக்கவில்லை. 9 வயதில் வேறொருவர் வீட்டில்தான் முதன்முறையாக ஒரு பெட்டியைக் கையில் எடுத்தேன். உங்கள் மகனுக்கு 7 வயதில் விரல் நடுங்காது, கண் தெளிவாகத் தெரியும், சக்கரத்தை வைக்கச் சாய்வுப் பலகைபோல ஒரு சிறு உதவிக் கருவியும் இருக்கிறது. அவன் விழ வைப்பான், பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கை ஒன்றிரண்டு முறை உடைப்பான். அவனை ஓட்டவிடுங்கள் ஐயா. நிற்க வைத்துப் பார்க்க மட்டும் விடாதீர்கள்.

பதிவு 4 | செம்பவாங் தந்தை

மேசையை மீண்டும் அளந்து பார்த்தேன். தம்பியின் கணக்கு சரிதான். எச்ஓ எங்கள் வீட்டுக்கு ஆகாது. ஆனால் தந்தையின் கண்பார்வை குறித்த கவலை அப்படியே இருக்கிறது. அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

பதிவு 5 | ஜூரோங் மின்பணியாளர்

அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு வாங்கப் போங்கள்.

நான் 29 வயதில், ஒசாகாவுக்குச் சுற்றுலா போனபோது இந்தப் பழக்கத்துக்குள் வந்தேன். தண்டவாளம், இன்ஜின், நான்கு பெட்டிகள், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பவர் பேக் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிப் பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த இரவே வரவேற்பறைத் தரையில் வட்டம் போட்டேன். பவர் பேக்கின் இரண்டு தட்டைக் கால்களையும் பயணத்துக்கு வாங்கியிருந்த பிளக் மாற்றியில் செருகிச் சுவரில் மாட்டினேன். முன்விளக்கு ஒரு கணம் வெண்மையாக எரிந்தது. பிறகு 'டப்' என்று ஓர் ஓசை. உருகிய பிளாஸ்டிக் வாடை அன்றிரவு முழுவதும் வீட்டைவிட்டுப் போகவில்லை. நான் தொழிலால் மின்பணியாளன். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட் என்பதும் ஜப்பானில் 100 வோல்ட் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. பவர் பேக்கின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் '100' என்ற எண் பெரிதாகவே இருந்தது. ஆர்வத்தில் திருப்பிப் பார்க்கவில்லை.

பிளக் மாற்றி காலின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. ஜப்பானியச் சந்தைக்கான பவர் பேக்கை வாங்கினால் 230ஐ 100 ஆக்கும் இறக்கு மின்மாற்றி கட்டாயம் வேண்டும். அதற்குப் பதிலாக, நம் மின்னழுத்தத்துக்கென்றே செய்த பவர் பேக்கைக் கேட்டு வாங்கிவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

தண்டவாளத்தில் ஓடுவது அதிகபட்சம் 12 வோல்ட் நேர்மின்சாரம்தான், குழந்தை தொட்டாலும் ஒன்றும் ஆகாது. ஒரு தண்டவாளத்தில் நேர்முனை, மறு தண்டவாளத்தில் எதிர்முனை. முனைகளை மாற்றினால் ரயில் பின்னோக்கி ஓடும். இதை உங்கள் மகனே தலைகீழ் விசையைத் தட்டித் தட்டிக் கண்டுபிடிப்பான். ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனி எண் கொடுத்துத் தனித்தனியாக ஓட்டும் டிசிசி முறை இப்போது உங்களுக்குத் தேவையில்லை. சுவரில் பிளக் மாட்டுவதும் கழற்றுவதும் மட்டும் பெரியவர் வேலையாக இருக்கட்டும்.

ஒன்றரை வயது மகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்பதால் சொல்கிறேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எட்டும் இடத்தில் சிறு பாகம் எதுவும் இருக்கக் கூடாது. என்-கேஜ் கப்ளிங் ஒரு மிளகளவுதான் இருக்கும். ஓட்டி முடித்ததும் எண்ணிப் பார்த்து மூடிவைக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே மகனுக்குக் கொடுங்கள்.

பதிவு 6 | நாற்பத்து மூன்றில் தொடங்கியவள்

இந்த இழையில் ஏழு வயதையும் அறுபத்தெட்டு வயதையும் பற்றிப் பேசுகிறார்கள். நடுவயதில் தொடங்கிய ஒரு பெண் தன் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

சிறுவயதில் எங்கள் வீட்டில் ஒரு மின்சார ரயில் இருந்தது. அது என் தம்பிக்கு வாங்கியது. பெண்பிள்ளைக்கு அது எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கட்டுப்பாட்டுக் குமிழ் என் கைக்கு வந்ததே இல்லை. பிள்ளைகள் இருவரும் உயர்நிலைப்பள்ளிக்குப் போன பிறகு, என் 43ஆம் வயதில், என் சம்பளத்தில் ஓர் என்-கேஜ் தொகுப்பு வாங்கினேன். முதல் மாதத்திலேயே ஒன்று புரிந்தது: எனக்கு ரயில் ஓடுவதைவிட, அது ஓடிப்போகும் இடத்தின்மீதுதான் ஆசை.

காமன்வெல்த் டிரைவில் இன்று பெரிதாக நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், குயின்ஸ்வே பக்கம் ரயில்பாதை ஓரத்தில், ரயில்வேயில் வேலை செய்த நம்மவர்கள் வழிபட்ட ஒரு சிறு சன்னதியாகத் தொடங்கியது. அந்தப் பாதையோரக் கோவிலை நான் கற்பனையில் கண்டபடி ஓர் அடிச் சதுரப் பலகையில் செய்தேன். சுவருக்கு ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு, கூரைக்கு நெளிவாக அழுத்திய சமையலறை அலுமினியத் தாள். லாலாங் புல்லுக்குத் தேங்காய் நார். நாரைப் பிரித்து, ஒரே நீளத்துக்கு வெட்டி, பச்சையும் பழுப்பும் கலந்த நீர்த்த வண்ணத்தில் தோய்த்து, காய்ந்ததும் பசையில் சிறுசிறு கொத்தாக நிற்க வைக்க வேண்டும். கடையில் விற்கும் செயற்கைப் புல் ஐரோப்பியப் புல்வெளிபோலத்தான் தெரிகிறது. நார் வைத்த இடம் மட்டும் நம் ஊர்போல இருக்கிறது. தூங்குமூஞ்சி மரத்துக்குச் செம்புக் கம்பிகளை முறுக்கிக் கிளை பிரித்தேன். அந்த மரத்தின் குடை அகலம் உயரத்தைவிட அதிகம் என்பதை, மூன்று மரங்களைத் தப்பாகச் செய்த பிறகு, பேருந்து நிறுத்தத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

150இல் ஒரு பங்கு அளவில் நடுத்தர உயரமுள்ள ஒருவர் 11 மி.மீ. உயரம்தான் இருப்பார். அவருடைய வேட்டிக்கரையை மூன்று முடி கொண்ட தூரிகையால் வரைகிறேன். 43 வயதில் கண் கிட்டத்தில் மங்கத் தொடங்கும் காலம். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆகவே செம்பவாங் ஐயா, உங்கள் தந்தை ரயில் வேண்டாம் என்றால் அவரிடம் ரயிலைக் கொடுக்காதீர்கள். ஒரு வேலையைக் கொடுங்கள். ஃபிட்டராக இருந்தவர் கையில் ஒரு பாலத்துக்கான பொருள்களை வைத்துப் பாருங்கள்.

பதிவு 7 | சாவிவளையம்

எனக்கு 71 வயது. தொடங்கியது 63ஆம் வயதில். உங்கள் தந்தை கேட்ட கேள்வியை நானும் கேட்டேன் என்பதால் அவருக்காக எழுதுகிறேன்.

மலாயா ரயில்பாதையின் தஞ்சோங் பகார் நிலையம் 1932இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் புக்கிட் தீமா வழியாகச் செல்லும் புதிய பாதையும் வந்தது. என் இளமையில் கோலாலம்பூருக்கு உறவினர் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த நிலையத்தின் உயர்ந்த கூரைக்குக் கீழே மூட்டை முடிச்சுகளோடு அமர்ந்திருப்போம். முகப்பில் உழவு, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பளிங்கு உருவங்கள் நிற்கும். 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு கடைசி ரயில் போனபோது கூட்டத்தோடு நானும் பாதையோரம் நின்றிருந்தேன்.

என் புனைபெயருக்கு விளக்கம் கேட்பார்கள். புக்கிட் தீமா நிலையத்தில் ஒற்றைப் பாதைக்கு ஒரு சாவி உண்டு. அந்தச் சாவி கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் அடுத்த பகுதிக்குள் ரயிலைச் செலுத்தக் கூடாது. ஒரே பாதையில் இரு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாமல் காத்தது அந்தச் சாவிதான். சாவி ஒரு வளையத்தில் கட்டிய பையில் இருக்கும். ரயில் மெதுவாக வரும்போது ஓட்டுநர் கையை நீட்டிப் பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்வார். பாதை மூடப்படும்வரை அங்கே அந்த முறைதான் நடந்தது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் பேரப்பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை. அதனால் செய்தேன்.

புக்கிட் தீமா சாலையின் மேலுள்ள இரும்புப் பாலத்தை இப்போதும் நடந்து கடக்கலாம். நான்கு காலைப்பொழுதுகள் அங்கே போய்க் குறுக்குச் சட்டங்களை எண்ணி, காலடியால் அளந்து, தாளில் வரைந்து வந்தேன். ஸ்டைரீன் கீற்றுகளை வெட்டி ஒட்ட ஐந்து மாதங்கள் ஆயின. 63 வயதில் எனக்கு இருந்ததும் 30 வயதில் இல்லாததும் அந்த ஐந்து மாதங்கள்தான்.

கண்ணைப் பற்றி: வெளிச்சத்தைக் கூட்டுங்கள். வயதானவர்களுக்கு அதே வேலைக்கு இளைஞரைவிட அதிக வெளிச்சம் வேண்டும். மேசைக்கு நேர் மேலே ஒரு விளக்கு, இடப்பக்கத்தில் ஒன்று, தலைப் பூதக்கண்ணாடி. தண்டவாளத்தின் கீழே வெளிர்நிற விரிப்பு ஒன்றைப் போட்டால் கீழே விழுந்த கப்ளிங்கும் கண்ணுக்குத் தெரியும். கைநடுக்கம் இருந்தால் மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு விரல்களால் மட்டும் வேலை செய்யப் பழக வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்க வேண்டும். நான் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதில்லை.

பதிவு 8 | உயர்நிலை மூன்று

ஐயா, பாலத்தைப் பற்றி ஒரு கேள்வி. மலாயா ரயில்பாதை மீட்டர் கேஜ், அதாவது 1,000 மி.மீ. 150ஆல் வகுத்தால் 6.67 மி.மீ.தான் வருகிறது. 9 மி.மீ. தண்டவாளத்தைப் பாலத்தின்மேல் வைத்தால் அது உண்மையில் 1,350 மி.மீ. அகலப் பாதைக்குச் சமம். 1972இல் மார்க்லின் நிறுவனம் கொண்டுவந்த இசட் கேஜின் தண்டவாள இடைவெளி 6.5 மி.மீ. அதைப் போட்டால் ஏறக்குறையச் சரியாக இருந்திருக்குமே?

பதிவு 9 | சாவிவளையம்

கணக்கு முற்றிலும் சரி தம்பி. நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் 6.5 மி.மீ. பாதையில் ஓடும் மலாயா இன்ஜினை யார் விற்கிறார்கள்? சக்கரச் சட்டத்தை இசட் கேஜிலிருந்து எடுத்து மேற்கூட்டை நானே செய்ய வேண்டும். அது உன் வயதுக்காரர்களின் கண்ணுக்கும் கைக்கும் உரிய வேலை. ஜப்பானியர்களும் தங்கள் 1,067 மி.மீ. பாதையை 9 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓட்டுகிறார்கள், கணக்குப்படி அதுவும் அகலம்தான். என் பாலத்தில் பாதை சற்று அகலமாக இருப்பது எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் அதன்மேல் ரயிலை ஓட்ட வேண்டும் என்பதற்காக 9 மி.மீ.யை வைத்தேன். நீ சரியான அளவில் ஒன்று செய். நான் உயிரோடிருக்கும்போதே வந்து காட்டு.

பதிவு 10 | உயர்நிலை மூன்று

கண்டிப்பாகச் செய்வேன் ஐயா. இப்போதைக்கு 1987 நவம்பர் 7 அன்று இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஓடிய முதல் எம்ஆர்டி ரயிலைக் காகித அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். பெட்டியின் மேற்கூடு மட்டும் என்னுடையது. உள்ளே ஜப்பானிய ரயிலொன்றின் மோட்டாரும் சக்கரங்களும் இருக்கின்றன, தீபாவளிக்குக் கிடைத்த பணத்தில் கரோசெல் இணையச் சந்தையில் பழையதாக வாங்கினேன். தேர்வுக் காலத்தில் பெட்டியைப் பூட்டி அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறேன். இது நானே செய்துகொண்ட ஏற்பாடு.

செம்பவாங் ஐயாவுக்கு ஒன்று: வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் அஞ்சல் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2023இலிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் வரி உண்டு.

பதிவு 11 | மூன்றாம் நடைமேடை

எச்ஓ என்று நான் சொன்னது மேசையைப் பார்க்காமல் சொன்னது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் பதினெட்டு ஆண்டுகள் கட்டி வைத்திருந்தவன் என்ற முறையில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும்.

பெட்டியை அவிழ்த்தபோது இன்ஜின் ஓடவில்லை. உள்ளே இருந்த மசகு தேன்பாகுபோல இறுகியிருந்தது. பிடிமானத்துக்காகச் சக்கரத்தில் மாட்டியிருந்த ரப்பர் வளையங்கள் கல்லாகி, தொட்டதும் உதிர்ந்தன. தண்டவாளம் கறுத்திருந்தது. நிக்கல் சில்வர் என்று பெயரில் வெள்ளி இருந்தாலும் அதில் இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான், நம் காற்றின் ஈரத்தில் அது மங்காமல் இருப்பதில்லை. நான் எல்லாவற்றையும் வீட்டின் பதுங்கறையில் வைத்திருந்தேன். காற்றோட்டமில்லாத அந்த அறையைப்போல ரயிலுக்கு ஆகாத இடம் வேறில்லை. இப்போது மூடி இறுக்கமான பெட்டியில், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு, படுக்கையறை அலமாரியில் வைக்கிறேன். ஓட்டுவதற்கு முன்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் தண்டவாளத்தை ஒருமுறை துடைக்கிறேன். துணியில் கறுப்பாக வரும் அழுக்கைப் பார்ப்பது குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். துடைப்பதை மகனிடமே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. டி-டிராக் என்று ஒரு முறை உண்டு. அடிப்படைப் பலகை ஒவ்வொன்றிலும் 310 மி.மீ. தண்டவாளம், அதாவது 248ம் 62ம் சேர்ந்த நீளம். பலகைகளை மேசையில் வரிசையாக வைத்துக் கோத்தால் ஒரே பாதையாகிவிடும், கழற்றினால் புத்தக அலமாரியில் நின்றுவிடும். அக்காவின் கோவிலும் ஐயாவின் பாலமும் தம்பியின் எம்ஆர்டி நிலையமும் தனித்தனி வீடுகளில் வளர்ந்து, ஒரு சமூக மன்றத்தின் மேசையில் ஒன்றாகச் சேரலாம். எவர் எந்த வயதில் எவ்வளவு வேகத்தில் செய்தாலும் பலகையின் நீளம் ஒன்றுதான்.

பதிவு 12 | நாற்பத்து மூன்றில் தொடங்கியவள்

அப்படி ஒரு நாள் ஏற்பாடு செய்தால் கோவிலை டி-டிராக் பலகைக்கு மாற்றிக்கொண்டு வருவேன். சொல்லுங்கள்.

பதிவு 13 | செம்பவாங் தந்தை

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். என்-கேஜ் வாங்கினோம். 282 மி.மீ. வளைவுகள் எட்டு, நேர்த் துண்டுகள், 230 வோல்ட் பவர் பேக், மூன்று பெட்டி ரயில் ஒன்று. மின்பணியாளர் சொன்னபடி பவர் பேக்கைத் திருப்பிப் பார்த்த பிறகே காசு கொடுத்தேன்.

முதல் நாள் தந்தை சோபாவைவிட்டு எழவில்லை. மகன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில், சமையலறைப் பக்க வளைவு முடியும் இடத்தில், நடுப்பெட்டி தண்டவாளத்தைவிட்டு இறங்கியது. மகன் வைத்தான், இறங்கியது, மீண்டும் வைத்தான். ஆறாவது முறை அவன் கண் கலங்கியபோது தந்தை எழுந்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை. குனிந்தும் பார்க்கவில்லை. கட்டைவிரல் நகத்தைத் தண்டவாளத்தின் உட்பக்க விளிம்பில் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். இணைப்பில் நகம் தட்டியது. "இங்கேதான், ஒரு மயிரிழை தூக்கியிருக்கிறது" என்றார். இணைப்புத் துண்டு ஒன்று பாதிதான் உள்ளே போயிருந்தது. அழுத்திப் பூட்டினார். பிறகு மகனின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று தடவிப் பார்க்கச் சொன்னார். அன்றிலிருந்து மகன் ரயிலை வைப்பதற்கு முன்பு சுற்று முழுவதையும் நகத்தால் தடவிப் பார்க்கிறான். நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த கண்ணே அந்த வேலைக்குத் தேவைப்படவில்லை.

இப்போது வேறொரு சிக்கல். தந்தை தமக்கென்று ஒரு டீசல் இன்ஜினும் இரண்டு சரக்குப் பெட்டிகளும் வாங்கிவிட்டார். பாதை ஒன்று, ரயில் இரண்டு. மாறி மாறி எடுத்து வைப்பதில் இருவருக்கும் தகராறு. பாதையைப் பிரிக்கும் பாயிண்ட் ஒன்றைப் போட்டு உட்புறத்தில் ஒரு கிளைப்பாதை அமைக்கலாமா? நீள்வட்டத்தின் நீளம் மாறிவிடுமே, அதற்கு எதை வெட்ட வேண்டும் என்று தந்தை கேட்கிறார். ரயிலை நாங்கள் கடிகார முள் சுற்றும் திசையில் ஓட்டுகிறோம்.

பதிவு 14 | உயர்நிலை மூன்று

எதையும் வெட்ட வேண்டாம் ஐயா. மின்சாரம் கொடுக்கும் துண்டு 62 மி.மீ. என்றால், அந்தப் பக்கத்து நேர்ப்பாதையில் இப்போது 248, 186, 62 என்று மூன்று துண்டுகள் இருக்க வேண்டும். காட்டோவின் 6ஆம் எண் பாயிண்டின் நேர்ப்பக்க நீளமும் 186 மி.மீ.தான். 186 மி.மீ. துண்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பாயிண்டைப் போட்டால் நீள்வட்டம் அப்படியே இருக்கும். கடிகாரத் திசையில் ஓடும் ரயிலுக்கு உட்புறம் வலக்கைப் பக்கம். ஆகவே வலது பாயிண்ட் வாங்குங்கள்.

அந்தப் பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு மட்டுமே மின்சாரம் தரும். தாத்தாவின் சரக்கு ரயிலைக் கிளைப்பாதையில் விட்டுப் பாயிண்டை நேராக்கினால் அது அங்கேயே அசையாமல் நிற்கும், மகனின் ரயில் சுற்றி ஓடும். பாயிண்டை மாற்றும் விசையை யார் கையில் கொடுப்பது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பதிவு 15 | சாவிவளையம்

ஒரு வளையம் செய்து கொடுங்கள். செம்புக் கம்பியில் ஒரு சாண் அகலத்துக்கு வளைத்து, நுனியில் பழைய சாவி ஒன்றைக் கட்டினால் போதும். வளையம் கையில் இருப்பவர்தான் சுற்றுப்பாதையில் ஓட்டலாம். ஐந்து சுற்று முடிந்ததும் ரயிலை நிறுத்திவிட்டு, வளையத்தை மற்றவரிடம் நீட்ட வேண்டும். உங்கள் தந்தை அந்தப் பாதையில் ஜோகூர் போய் வந்தவராயிருந்தால், எப்படி நீட்ட வேண்டும் என்பதை அவரே பேரனுக்குக் காட்டுவார்.